பதினேழு இடையூறுகள்

போன மாதம் ஒரு பழைய கோப்பைப் பற்றி விளக்கம் கேட்டு, ஓய்வு பெற்ற என்னை நம் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். விளக்கம் சொல்ல ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு என் பழைய வேலையை இப்போது பார்க்கும் உங்கள் ஆறு பேரோடும் அரட்டை அடித்ததில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. அப்போதுதான் தர்ஷினி தன் டேப்லெட்டை என் முன்னால் நீட்டினாள். சிறு தொழில்காரர்களுக்கு மானியம் கொடுப்பதற்கு முன் நாங்கள் காகிதத்தில் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவம் அதில் பளபளவென்று இருந்தது.

"வசந்தி ஆன்டி, மத்ததெல்லாம் ஓகே. இந்தப் பதினாலாவது கேள்வி மட்டும் எதுக்குன்னே புரியல லா. இதுக்கு மார்க்கும் இல்ல. அடுத்த அப்டேட்ல எடுத்துடலாம்னு பார்க்கறோம்."

பதினாலாவது கேள்வி இதுதான்: 'வேலை நேரத்தில் இந்த இடத்துக்கு யார் யார் வந்து போகிறார்கள்? எதற்கு?'

நான் அன்று பதில் சொல்லவில்லை. ஆரம்பித்திருந்தால் கோபம் வந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழாது, கேட்டுப் பாருங்கள், என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதனால் கீழே இறங்கி ஒரு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, வீட்டுக்குப் போய், நிதானமாக இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வியை அங்கே வைத்தவள் நான்தான். ஏன் வைத்தேன் என்று தெரிந்துகொண்டு, பிறகு எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

அப்போது எனக்கு இந்த வேலையில் இருபது வருடம் ஆகியிருந்தது. அதுதான் ஆபத்து. புதிதாக வந்தவர் தப்பாக எழுதினால் யாராவது ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார்கள். இருபது வருடக்காரி எழுதினால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள்.

கிள்ளானில் குணசேகரன் என்று ஒருவர் நம் மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தார். குணா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பெரிய ஆலை ஒன்றில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை போட்டு, நான்கு பேரை வைத்துக்கொண்டு இடியாப்ப இயந்திரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் மாவைப் போட்டால், மறுபக்கம் தட்டுத் தட்டாகப் பிழிந்து, நகர்ந்து போய், ஆவியில் வெந்து வெளியே வரும். உங்களில் இரண்டு பேர் இப்போதே சிரித்திருப்பீர்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் போட்டு ஆசையாகச் சாப்பிடுகிற பண்டம் இந்த ஊரில் எத்தனை இருக்கிறது? அதை நல்லபடியாகச் செய்யும் இயந்திரம்தான் கிடைக்கவில்லை. கடையில் விற்ற இயந்திரங்களில் வந்ததை நூடுல்ஸ் என்று சொல்லி விற்றுவிடலாம். குணாவின் இயந்திரத்தில் வந்ததுதான் இடியாப்பமாக இருந்தது.

நான் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போய், ஒரு முழுக் காலைப் பொழுது அந்தப் பட்டறையில் உட்கார்ந்தேன். எனக்கு அட்டவணை என்றால் உயிர். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட மனதுக்குள் கோடு போட்டு எத்தனை பந்தி, எத்தனை நிமிடம் என்று எண்ணுகிறவள் நான். அன்று என்னைத் திகைக்க வைத்தது ஒன்றுதான். பட்டறைக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தரும் வாங்க வரவில்லை. ஒருத்தரும் விற்க வரவில்லை.

மூன்று சந்து தள்ளி வீட்டில் இடியாப்பம் பிழிந்து விற்கும் பாக்கியம் அக்கா வந்தார். இயந்திரத்தில் வந்த ஒரு தட்டை எடுத்து, விண்டு, வாயில் போட்டு, "இத யாரு சாப்பிடுவா? மாடு சாப்பிடும்," என்று சொல்லிவிட்டு, மாவுப் பாத்திரத்தில் கைவிட்டு நாலு தடவை பிசைந்துவிட்டுப் போனார். எதிர்ப் பட்டறையில் பித்தளை கடையும் ஆ செங் வந்தார். துறைமுகத்துக்கு வரும் படகுகளின் உதிரி பாகங்களை அவர் அப்பா காலத்திலிருந்து கடைந்துகொடுக்கும் குடும்பம். குணாவின் நாற்காலியில் உட்கார்ந்து, மலாயும் தமிழும் கலந்து எதையோ பேசி, அச்சுத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வைத்துவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிளில் இடியாப்பம் விற்பவர் வந்தார். மாவு மில்காரர் வந்தார். பக்கத்து உணவகத்துச் சமையல்காரர் பீடி பிடிக்க வந்து அரை மணி நேரம் நின்றார். ஒவ்வொரு தடவையும் குணா வேலையை நிறுத்திவிட்டுப் பேசினார்.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். பெயர், வந்த நேரம், எத்தனை நிமிடம், காரணம். மொத்தம் பதினேழு பேர். பாக்கியம் அக்காவின் பெயருக்கு நேரே காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவரிடமே கேட்டேன்.

"எதுக்குக்கா வந்தீங்க?"

"சும்மா," என்றார்.

அப்படியே எழுதினேன். காரணம்: சும்மா. மேலே தலைப்பு என்ன போட்டேன் தெரியுமா? 'வேலைக்கு இடையூறுகள்.' கடைசியில் நிமிடங்களைக் கூட்டி, ஒரு நாளில் இத்தனை வேலை நேரம் வீணாகிறது என்று சிவப்பு மையில் கோடு போட்டேன். இந்தச் சந்தில் இருக்கும்வரை இந்த மனிதர் உருப்படமாட்டார், அமைதியான, ஒழுங்கான இடத்துக்கு மாற்றினால் ஆறே மாதத்தில் இயந்திரம் முழுமையாகும் என்று பரிந்துரை எழுதினேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில், நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு தொழில் பூங்கா அப்போது புதிதாகத் திறந்திருந்தார்கள். வழவழப்பான தரை, ஏர்கான், சுத்தமான ஆய்வுக்கூடம், வாசலில் தடுப்புக் கம்பமும் காவலாளியும். மானியத்தோடு அங்கே ஓர் இடமும் குணாவுக்குக் கிடைத்தது. சாவியை வாங்கிக்கொண்டபோது குணா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் அன்று ரயிலில் என்னையே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்லத்தானே எழுதுகிறேன்.

ஐந்து மாதம் கழித்து நம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும்.

"அந்த இடியாப்ப மெஷின் ஓடலையாமே?"

"தெரியல சார். ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு."

"ரிப்போர்ட் எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப போய் பாத்துட்டு வாங்க."

விஷயம் இதுதான். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் சமைத்து அனுப்பும் ஒரு நிறுவனம் பத்து இயந்திரம் வாங்கத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, தங்கள் கண் முன்னால் இயந்திரம் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். வரும் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒன்பது நாள். இயந்திரமோ இருபது நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. இந்த வாய்ப்பு போனால் பட்டறையை மூடிவிட்டுப் பழைய ஆலைக்கே ஷிப்ட் வேலைக்குப் போவதாகக் குணா தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். அந்த நான்கு பேரும் வேறு வேலை தேட ஆரம்பித்திருந்தார்கள்.

பூங்காவின் வாசலில் காவலாளி என்னை நிறுத்தி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், அடையாள அட்டை எண், வந்த நேரம், காரணம். எங்கேயோ பார்த்த அட்டவணை மாதிரி இருந்தது. எழுதிவிட்டு உள்ளே போனேன்.

அவ்வளவு சுத்தமான அறையில் அவ்வளவு வாடிய முகத்தை நான் பார்த்ததில்லை. குணா தனியாக உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்க வெப்பநிலை, வேகம், நீரின் அளவு என்று எழுதி ஒட்டியிருந்தார். எனக்காக இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். முதல் பத்துத் தட்டு அழகாக விழுந்தது. பிறகு இழைகள் வெடித்து, துண்டு துண்டாகி, அச்சில் அடைத்துக்கொண்டு நின்றது.

"கிள்ளான்ல இருந்தப்ப இப்படி அடைக்கலையே குணா?"

"அடைச்சுது மேடம். ஆனா சரியாயிடும்."

"எப்படிச் சரியாகும்?"

அவர் அச்சில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினார். "தெரியல மேடம். அதான் ஆறு வாரமா யோசிக்கறேன். அங்க எப்படிச் சரி பண்ணேன்னு எனக்கே தெரியல."

"பாக்கியம் அக்கா இங்க வர்றதில்லையா?"

அதற்குத்தான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "ஒரு தடவை வந்தாங்க. கிராப் டாக்சி புடிச்சு, ஒரு பை நிறைய இடியாப்பம் எடுத்துக்கிட்டு. கேட்ல காரணம் கேட்டிருக்காங்க. சும்மான்னு சொல்லியிருக்காங்க. சும்மால்லாம் உள்ள விடமாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பையை கார்ட்கிட்டயே குடுத்துட்டுத் திட்டிக்கிட்டே போயிட்டாங்களாம். அவருக்கு மட்டும் அன்னிக்கு நல்ல சாப்பாடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கைப்பையில் பழைய அறிக்கையின் நகல் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். பதினேழு பெயர். குணாவையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். இவர் அன்று வந்து என்ன செய்தார், இவர் என்ன சொன்னார் என்று. மில்காரர் அன்று கொண்டுவந்த செய்தி, அரிசி மாறியிருக்கிறது, பழைய அரிசி தீர்ந்துவிட்டது என்பது. மோட்டார் சைக்கிள்காரர் சொன்னது, தட்டு அகலமாக இருந்தால் பெட்டியில் அடுக்க முடியாது என்பது. பீடி பிடித்த சமையல்காரர் சொன்னது, ஆவி கீழே இருந்து மட்டும் வந்தால் நடுவில் வேகாது என்பது. இயந்திரத்தில் இருந்த நல்ல விஷயம் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்திருந்தது. நான் வீணான நேரம் என்று சிவப்பு மையில் கூட்டிப் போட்டது அவருடைய ஆராய்ச்சி நேரத்தை.

பிள்ளைகளே, இந்த வேலையில் நம் தப்புக்கு நாம் கஷ்டப்படுவதில்லை. நம்மை நம்பியவர் கஷ்டப்படுவார். அதை மட்டும் மறக்காதீர்கள்.

இயந்திரத்தைக் கிள்ளானுக்கே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மானியத்தில் வாங்கிய பொருளைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோக மானியக் குழுவின் அனுமதி வேண்டும். குழு கூடுவது அடுத்த மாதம். விதியை மீறினால் மானியமே ரத்தாகும். இயக்குநருக்குப் போன் போட்டேன்.

"மெஷின் வெளியே போகக் கூடாதுன்னுதானே ரூல்?" என்றார்.

"ஆமாம் சார்."

"ஆளுங்க உள்ள வரக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

போனை வைத்துவிட்டார். அவர் அப்படித்தான்.

மறுநாள் காலையில் நான் கிள்ளானில் இருந்தேன். சந்தில் வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் கூப்பிட்டேன். பாக்கியம் அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்கதானே குணாவ அந்த ஜெயிலுக்கு அனுப்பினது?"

"நான்தான் அக்கா."

"இப்ப எதுக்கு வந்தீங்க? சும்மாவா?"

"சும்மா இல்லக்கா. நீங்க வரலைன்னா குணா கடையை மூடிடுவாரு. என் தப்புதான். வாங்க."

அவர் உள்ளே போனார். அடுப்பை அணைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சும்மா நின்ற ஒரு வேனைப் பிடித்தேன். பதினேழு பேரில் பதினோரு பேர் வந்தார்கள். ஆ செங் ஒரு தகரப் பெட்டியில் தன் கருவிகளோடு ஏறி, முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். வழி நெடுக ஒரே சண்டை, சிரிப்பு. சுற்றுலா போவதாகத்தான் எல்லாருக்கும் நினைப்பு.

பூங்கா வாசலில் காவலாளி நோட்டை நீட்டினார். பதினோரு பெயரையும் நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பதினோரு தடவையும் ஒரே சொல்லை எழுதினேன்: பாக்கார். மலாயில் நிபுணர் என்று பொருள். கீழே அலுவலக முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டேன். காவலாளி வேனுக்குள் எட்டிப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்காவைக் காட்டி, இந்த மக்சிக், இந்த அத்தைகூடவா நிபுணர் என்று மலாயில் கேட்டார்.

"அன்னிக்கு அவங்க குடுத்த இடியாப்பம் எப்படி இருந்துச்சு?" என்று நானும் மலாயில் திருப்பிக் கேட்டேன்.

தடுப்புக் கம்பம் மேலே போனது.

உள்ளே நுழைந்ததும் பாக்கியம் அக்கா முதலில் செய்தது, ஏர்கானை அணைக்கச் சொன்னது. "மாவு வறண்டு போவுது. இந்தக் குளிர்ல மனுஷனே வறண்டு போவான்." பிறகு மாவைப் பிசைந்து, கட்டை விரலால் அழுத்தி, இன்னும் அரைக் கோப்பை கொதிநீர் ஊற்றச் சொன்னார். குணா சுவரில் ஒட்டியிருந்த அளவைக் காட்டினார். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது கிள்ளான் மழைக்குப் போட்ட அளவு. காத்துல ஈரம் இருந்தா மாவே தண்ணி குடிச்சிருக்கும், ஊத்தறதைக் குறைக்கணும். இங்க ஏது ஈரம்?"

அப்போதுதான் குணாவுக்குப் பிடிபட்டது. சந்தில் தினமும் காலையில் அக்கா வந்து திட்டிவிட்டு, ஈரம் பார்த்துப் பிசைந்துவிட்டுப் போவார். குணா அளவை எழுதி வைத்துக்கொண்டது அதற்கு முன்னால். சரிசெய்தது அந்தக் கை. பார்த்த எனக்கும் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற குணாவுக்கும் தெரியவில்லை. ஏன், பாக்கியம் அக்காவுக்கே தெரியாது.

தண்ணீரை மாற்றியதும் இயந்திரம் முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. பிறகு மறுபடியும் அடைத்தது. ஆ செங் அச்சுத் தட்டைக் கழற்றி, ஜன்னலோரம் கொண்டுபோய், ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "குணா, லூபாங் உள்ளே காசார் லா," என்றார். ஓட்டைகளின் உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கிறதாம். பூங்காவுக்கு வந்த பிறகு குணா ஓர் இணையக் கடையில் புதுத் தட்டு வரவழைத்திருந்தார், கணினியில் வெட்டியது, அளவில் ஒரு மயிரிழை பிசகாதது. ஆனால் மாவு நுழையும் இடத்தில் ஓட்டை சற்று வாய் விரிந்து, உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. பழைய தட்டில் ஆ செங் அதை யாரும் கேட்காமலே செய்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். தகரப் பெட்டியைத் திறந்து தரையில் உட்கார்ந்தவர், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்.

அன்று பிற்பகல் இயந்திரம் ஐம்பது நிமிடம் ஓடியது. மிச்ச நாட்களில் தினம் மூன்று நான்கு பேர் மாறி மாறி வந்தார்கள். காவலாளி நோட்டை நீட்டுவதையே விட்டுவிட்டு, "பாக்கார்?" என்று மட்டும் கேட்டுக் கம்பத்தைத் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பார்த்து விடியலிலிருந்தே மழை கொட்டியது. சமையல் நிறுவனத்திலிருந்து அதன் மேலாளரும் இரண்டு பேரும் வந்தார்கள். மேலாளர் கறாரான மனிதர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். குணா இயந்திரத்தை ஓட்டினார். பாக்கியம் அக்கா ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இவங்க யாரு?" என்றார் மேலாளர்.

குணா ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "எங்க ஆராய்ச்சிப் பிரிவு, சார்."

நாற்பதாவது நிமிடத்தில் இழைகள் குழைய ஆரம்பித்தன. நான் பார்த்துவிட்டேன். குணாவும் பார்த்துவிட்டார், ஆனால் கை அசையவில்லை, பயத்தில் உறைந்து நின்றார். பாக்கியம் அக்கா எழுந்து வந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அடுத்து பிசையப் போகும் மாவில் ஊற்ற வைத்திருந்த கொதிநீரில் கால் பங்கை வாஷ்பேசினில் கொட்டினார். "மழை பெய்யுதுல்ல," என்று குணாவிடம் மெதுவாகச் சொன்னார். அடுத்த மாவு விழுந்ததும் இழைகள் நிமிர்ந்தன. அறுபது நிமிடமும் ஓடியது, நிற்கவே இல்லை.

நான் மூச்சு விட்டேன். ஆனால் மேலாளர் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளவில்லை.

"எல்லாம் சரி. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். மெஷின் ஓடல, இந்த அம்மா ஓட்டினாங்க. நான் மெஷின் வாங்கினா, இவங்களும் சேர்ந்து வருவாங்களா?"

இதைவிடச் சரியான கேள்வியை இருபது வருடத்தில் நம் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. பொய் சொல்லத் தோன்றும் இடம் அது. இயந்திரத்திலேயே எல்லாம் இருக்கிறது சார் என்று சொல்லிவிடலாம். நான் குணாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வரமாட்டாங்க சார்," என்றார் குணா. "மெஷினை மட்டும் குடுத்தா உங்க கிச்சன்லயும் ஒரு வாரத்துல நின்னுடும். உங்க கிச்சன்ல இப்ப கையால பிழியறது யாரு? அவங்கள ஒரு வாரம் எங்க சந்துக்கு அனுப்புங்க. அக்காகிட்ட திட்டு வாங்கட்டும். அப்புறம் மெஷின் ஓடும்."

மேலாளர் ஒரு தட்டு இடியாப்பத்தை எடுத்துத் தேங்காய்ப் பூவோடு நின்றபடியே சாப்பிட்டார். இரண்டாவது தட்டும் எடுத்தார். பத்து வாங்க வந்தவர், முதலில் நான்கு, ஆட்கள் கற்றுக்கொண்டு வந்த பிறகு மிச்சம் ஆறு என்றார். குணா வாஷ்பேசின் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அதன் பிறகுதான் என் பாடு. திங்கட்கிழமை உட்கார்ந்து, என் பரிந்துரை தவறு, குணசேகரனின் பட்டறையை மறுபடியும் கிள்ளான் சந்துக்கே மாற்ற அனுமதிக்க வேண்டும் என்று எழுதினேன். இடியாப்பம் தின்பவர்களும், பிழிபவர்களும், படகுக்காக வந்து தங்கிய பித்தளைக்காரரும் ஐந்து நிமிட நடையில் இருந்ததால்தான் அந்த இயந்திரம் அங்கே பிறந்தது, அதை நான் இடையூறு என்று எழுதிவிட்டேன் என்று காரணம் சொன்னேன். இயக்குநர் இரண்டு தடவை படித்தார்.

"இதுவரைக்கும் யாராவது தன் ரிப்போர்ட்டுக்கு எதிரா தானே ரிப்போர்ட் எழுதியிருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்."

"பதவி உயர்வு லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு, தெரியுமா?"

"தெரியும் சார்."

கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் பதவி உயர்வு வரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் படிவத்தில் நான் எழுதிக்கொடுத்த ஒரு கேள்வியைச் சேர்க்க இயக்குநரே குழுவிடம் பேசி அனுமதி வாங்கினார். எப்படி மார்க் போடுவது என்று குழுவில் கடைசி வரை யாருக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் மார்க் இல்லாமலே உள்ளே வந்தது. உங்கள் பதினாலாவது கேள்வியின் கதை இதுதான்.

எல்லாரும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆம்பாங்கில் ஒரு பையன் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து, காது கேட்கும் கருவிகளுக்கான சின்னச் சின்ன மின்சுற்றுகளைச் செய்துகொண்டிருந்தான். அவன் வீட்டில் ஒரு முழு நாள் இருந்து பார்த்தேன். உணவு கொண்டுவந்த ஆளைத் தவிர ஒரு ஈ காக்கை வரவில்லை. பதினாலாவது கேள்விக்கு நேரே 'ஒருவரும் இல்லை' என்று எழுதினேன். அவனை அந்தக் கருவியை மாட்டிக்கொள்பவர்களும் மாட்டிவிடுபவர்களும் நடமாடும் இடத்துக்குப் பக்கத்தில், பங்சாரில் ஒரு பகிர்வு அலுவலகத்துக்கு மாற்றச் சொன்னேன். போனான், பிழைத்தான். கேள்வி ஒன்றுதான், பதில்தான் வேறு. டேப்லெட்டில் அதற்கு மார்க் போட முடியாது, வாஸ்தவம். போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

குணாவின் சந்து இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆ செங் முறுக்குக்கும் ஓமப்பொடிக்கும் தனித்தனியாகத் தட்டு செய்து இந்தோனேசியா வரை அனுப்புகிறார். நான்கு ஆட்கள் ஒன்பது ஆட்கள் ஆகியிருக்கிறார்கள். பக்கத்துச் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆவிப் பெட்டி செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் குணாவுக்கும் ஆகாது, ஆனால் தினமும் ஒரே கடையில் தே தாரிக் குடிக்கிறார்கள். இயந்திரம் வாங்கும் எல்லாரும் ஆள் அனுப்புகிறார்கள். ஈப்போவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்தவர்கள் பாக்கியம் அக்காவிடம் ஒரு வாரம் திட்டு வாங்குகிறார்கள். அந்த வாரத்துக்கு அவர் இப்போது சம்பளம் வாங்குகிறார். திட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

என் பழைய அறிக்கையின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் குணா என்னிடம் கேட்டு வாங்கி, லேமினேட் செய்து, பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். 'வேலைக்கு இடையூறுகள்' என்ற தலைப்பு, பதினேழு பெயர், என் சிவப்பு மைக் கோடு. போகிற வருகிற எல்லாரும் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. இப்போது பழகிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்க்கிழமை காலைகளில் கொமுட்டர் பிடித்து அங்கே போய்விடுகிறேன். போன வாரம் போனபோது அந்தக் காகிதத்தின் அடியில், சிவப்புக் கோட்டுக்குக் கீழே, மார்க்கர் பேனாவில் புதிதாக ஒரு வரி இருந்தது. குணாவின் கையெழுத்து.

'18. வசந்தி மேடம். காலை பத்து மணி. நாற்பது நிமிடம். காரணம்: சும்மா.'